குடத்தைக் குடுறா

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியாம். மருமகள் கோகிலா என் கையில் திணித்தாள். "அத்தை, யார் மேல கோவம் வந்தாலும் இதுல எழுதிடுங்க. காலையில நான் காபி போடும்போது எங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆறாவதுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர் என் தாய்மாமன். அவர் செத்து ரொம்ப வருஷம் ஆகிறது. அதற்காக விட்டுவிட முடியுமா? முதல் வரி அவருக்கு.

இரண்டாவது வரி பேத்தி ஓவியாவுக்கு. காலேஜ் படிக்கிறாள். புருவத்தில் வளையம் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். மூக்குக்குப் போக வேண்டியது வழி தெரியாமல் மேலே போய்விட்டது போல இருக்கிறது.

மார்ச் 5, புதன்

இட்லி கல் மாதிரி. கோகிலாவிடம் சொல்லவில்லை. எழுதியாயிற்று.

மார்ச் 8, சனி

கூடத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஓவியா அறையில் பாட்டு. பாட்டு என்று அவள் சொல்கிறாள். தகரக் கொட்டகை மேல் லாரி கவிழ்ந்த மாதிரி சத்தம். அதற்கு நடுவில் ஒரு பொம்பளை வாய் கிழியத் திட்டுகிறாள்.

"டேய் ஓட்டவாயனுங்களா! என் குடத்தைக் குடுறா! வரிசையில வச்ச குடத்துல கை வச்சா அந்தக் கை வெளங்குமாடா?"

நல்ல திட்டாக இருக்கிறதே, ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொல்கிறாளே என்று கேட்டுக்கொண்டே இரண்டு மீனின் தலையைக் கிள்ளினேன். மூன்றாவது மீன் கையில் இருக்கும்போதுதான் தெரிந்தது. அந்தப் பொம்பளை நான்.

"எங்கம்மா சீராக் குடுத்த குடம்தான் உனக்கு மோளமா? உன் மண்டை இல்ல? அதுவும் காலியாத்தானே கீது, அத்த அடி!"

கை கழுவாமல் போய்க் கதவைத் தட்டினேன். "இது இன்னாடி?"

"ஆயா, இது பங்க் ஆல்பம். உனக்குப் புரியாது."

"பங்க்கா? பெட்ரோல் பங்க்லயா விக்கிறாங்க?"

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். பங்க் என்றால் கோபத்தைக் கத்திப் பாடுவதாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரம்பூர்ப் பையன்கள் மூன்று பேர் கேசட்டில் பாடியதாம். 'லோகோ ஷெட்' என்று குழுவுக்குப் பெயர். அப்போது யாரும் சீந்தவில்லை. கேசட்டுக்கு கேசட் நகல் எடுத்துக் கை மாறிக் கை மாறி, இப்போது வெளிநாட்டில் எல்லாம் கேட்கிறார்களாம். அதில் எல்லோருக்கும் உயிர் அந்தத் திட்டுதானாம்.

"யார்னே தெரியல ஆயா அந்தப் பொம்பளை. எங்க காலேஜ்ல ஒரு மேடம் கட்டுரையே எழுதியிருக்காங்க. குடம்னா பூமியாம். சுரண்டினவங்ககிட்ட பூமியைத் திருப்பிக் கேக்கறாங்களாம்."

"குடம்னா குடம்டி" என்றேன்.

மீன் நாற்றம் அடிக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டாள். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ராத்திரி முழுக்கப் பொறுத்தேன். காலையில் தோசைக்கு நடுவில் மொத்தத் திட்டையும் ஒப்பித்தேன். கேசட்டில் இருப்பது பாதிதான். டேப் தீர்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அந்தப் பையன்களில் தேசிங்கின் அப்பா அடகுக் கடைக்காரரிடம் பொய்ச் சத்தியம் செய்தது, டெரன்ஸின் கால்சட்டை கிழிசல், எல்லாம் வரிசையாக வந்தது. ஒரு சொல் தப்பவில்லை. அதே குரல். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

ஓவியாவின் வாயிலிருந்த தோசை தட்டில் விழுந்தது. "ஆயா... நீயா?" என்றாள். பிறகு ஒரு கத்தல். கீழ்வீட்டு நாய் குரைத்தது. என் காலில் விழுந்தாள். இத்தனை வருஷத்தில் பொங்கலுக்குக்கூட விழாதவள்.

நடந்ததை அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அது தண்ணீர்ப் பஞ்ச வருஷம். எங்கள் சந்தில் ஒரே அடிபம்பு. விடியற்காலை குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதுதான் சந்தின் சட்டம். கொலைகாரன்கூட வரிசைக் குடத்தைத் தொடமாட்டான். நான் வைத்தது பித்தளைக் குடம். கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்த சீர். உலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் குடம் இல்லை. பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து நங் நங் என்று சத்தம். சுவர் மேல் ஏறிப் பார்த்தால் தேசிங்கு ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் திட்டினேன். அவர்கள் டேப் ஓடவிட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? திட்டி முடிப்பதற்குள் குடத்தோடு ஓடிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் என் நாத்தனார் ஜெகதா, அதே வீட்டில் அடுத்த போர்ஷனில் இருந்தவள், தன் குடத்தை இடுப்பில் வைத்துத் தளும்பத் தளும்ப வந்து, மாமியாரிடம் சொன்னாள்: "பசங்க எடுத்தாங்களா? எந்தப் பசங்கம்மா? அண்ணி அவங்கம்மா வீட்டுக்குக் குடுத்தனுப்பியிருக்கும்."

மாமியார் சாகும்வரை அதையே சொன்னார். என் வீட்டுக்காரரும் நம்பவில்லை. "போனது போச்சு நவநீதம், ஏன் பொய் சொல்ற" என்பார். அவர் போட்டோவுக்குத் தினமும் பூ வைக்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக வெள்ளிக்கிழமை மட்டும் மல்லிகை கிடையாது, கனகாம்பரம்தான்.

ஜெகதாவோடு பேச்சு அன்றைக்கு நின்றது.

மார்ச் 10, திங்கள்

துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே ஓவியாவின் போனில் அந்த கேசட் முழுக்கக் கேட்டேன். முதல் பாட்டு, ரயில்வேயில் ஆள் எடுக்கவில்லை என்று. இரண்டாவது, மண்ணெண்ணெய் இல்லை என்று. மூன்றாவது எதற்கென்றே தெரியவில்லை, சும்மா "இல்ல இல்ல இல்ல" என்று கத்துகிறார்கள். சுருதி கிடையாது. தாளம் ஓடுகிறது, பாட்டு பின்னாலேயே துரத்துகிறது. தொண்டை கிழிந்து ரத்தம் வந்திருக்கும் பாவம்.

ஆனால் ஒன்று. ஒரு இடத்திலும் நடிக்கவில்லை. வயிறு காலியானவன் கத்துகிற மாதிரிதான் கத்துகிறார்கள்.

"உனக்கு இதுல இன்னாடி புடிச்சுது? நீ பொறக்கவே இல்லையே அப்ப" என்று ஓவியாவைக் கேட்டேன்.

"நம்ம தெருவுல இப்பவும் லாரித் தண்ணிதானே ஆயா" என்றாள். "நாங்க புகார் குடுத்தா 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு ஒரு குரல் வருது. இதைக் கேட்டா, நமக்காக யாரோ ஒருத்தர் போன்ல கத்தின மாதிரி இருக்கு."

மூன்றாவது பாட்டை இன்னொரு தடவை வைத்தேன். பருப்பில் கல் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்கத்தான்.

மார்ச் 12, புதன்

ஓவியா போனில் ஊருக்கே எழுதிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. இன்று அந்த மூவரில் இருவர் வந்தார்கள். மூன்றாமவன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறானாம். டெரன்ஸுக்கு வெள்ளைக் குடுமி. தேசிங்கு மொட்டை. உன் மண்டை காலிதானே என்றேனே, இப்போது வெளியேயும் காலி.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க" என்று தேசிங்கு காலில் விழுந்தான். எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

டெரன்ஸ் சொன்னான்: "நவநீதம்க்கா, நாங்க கோவமாத்தான் இருந்தோம். ஆனா அன்னிக்குப் பத்து தடவ பாடியும் வரல. கோவம்னா இன்னான்னு நீங்க சுவர் மேல ஏறினப்பதான் தெரிஞ்சுது. அதான் உங்க திட்டை டேப்ல வெட்டாம விட்டோம்."

இருபத்தொன்பதாம் தேதி பெரம்பூரில் நிகழ்ச்சியாம். நான் மேடை ஏறி அதே திட்டைத் திட்ட வேண்டுமாம்.

"எங்குடம் எங்க?"

பெங்களூரில் டெரன்ஸின் தங்கை வீட்டில் இருக்கிறதாம். அந்தக் காலத்திலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். என் குடத்துக்குக் கறுப்புப் பெயிண்ட்!

மூன்று நிபந்தனை போட்டேன். பெயிண்டைச் சுரண்டிப் புளி போட்டு விளக்க வேண்டும். மேடையில் எல்லோர் கண்ணெதிரிலும் என்னிடம் கொடுக்க வேண்டும். ஜெகதா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எனக்கு மாலை வேண்டாம், சால்வை வேண்டாம். பொய்க்காரி என்ற பேர் போக வேண்டும். அவள் வாயால் "அண்ணி சொன்னது நெசம்" என்று வர வேண்டும். இது போதும்.

மார்ச் 14, வெள்ளி

கனகாம்பரம். கோகிலாவை விட்டு ஜெகதாவுக்குப் போன் போடச் சொன்னேன். கொளத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். கோகிலா போனைச் சத்தமாக வைத்தாள்.

"அண்ணி இன்னும் அந்தக் குடத்தையே பேசிக்கினு கீதா?" என்றாள் ஜெகதா.

"ஆமா சித்தி. மேடையில குடுக்கறாங்க. நீங்க வந்தே ஆகணுமாம்."

அந்தப் பக்கம் மிக்சியை ஓடவிட்டாள். பிறகு, "எனக்கு முழங்கால் வலிம்மா" என்றாள்.

தோற்கப் போகிறவளுக்கு முழங்கால் வலிக்கத்தான் செய்யும். வண்டி அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

ஜெகதா தானாகவே கோகிலாவுக்கு இரண்டு தடவை போன் செய்தாளாம். குடத்தை உண்மையிலேயே கொண்டுவருகிறார்களா, தூரத்தில் வைத்துக் காட்டுவார்களா, கையில் கொடுப்பார்களா என்று கேட்டாளாம். பெயிண்டைச் சுரண்டத்தான் வேண்டுமா, கறுப்பே அழகாக இருக்குமே என்றாளாம்.

பயந்துவிட்டாள். நல்லது.

மார்ச் 20, வியாழன்

ஒத்திகை. மானம் போயிற்று.

டெரன்ஸ் கிடாரை ஒரு இழு இழுத்தான். தேசிங்கு டிரம்மில் இரண்டு தட்டு. நான் மைக்கைப் பிடித்து, "டேய் ஓட்டவாயனுங்களா" என்று ஆரம்பித்தேன். தேசிங்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். பல் செட். ஒரு பக்கம் ஆடுகிறது. வரும்போது எனக்காக பன் பட்டர் ஜாம் வாங்கி வந்து, சர்க்கரை இருக்கும் என்று ஜாமை மட்டும் வழித்துவிட்டுக் கொடுத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி? "என் குடத்தைக் குடுறா" என்பது "குடத்தைக் குடுப்பா ராசா" என்று வந்துவிட்டது.

"இன்னொரு தடவ அக்கா" என்றான் டெரன்ஸ்.

இன்னொரு தடவை "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டேன்.

நாற்பது வருஷம் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டவள் நான். சமைக்க வேண்டிய நாளில் விறகு ஈரமாகிவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

எனக்குக் கோபம் வரவைக்க வீடே வேலை செய்கிறது. மகன் பாலாஜி மின்விசிறியை நிறுத்தினான். கோகிலா சாம்பாரில் உப்புப் போட்டாள், அல்லது போடவே இல்லை, அவளுடைய சாம்பாரில் வித்தியாசம் தெரியவில்லை. ஓவியா உதட்டிலும் ஒரு வளையம் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

எல்லோர் மேலும் நன்றாகக் கோபம் வருகிறது. தேசிங்கு மேல் மட்டும் வரவில்லை.

"தேசிங்கு இல்ல ஆயா, தாய்மாமனை நெனச்சுக்கோ" என்றாள் ஓவியா. நினைத்தேன். அவர் குடம் எடுக்கவில்லையே. ஒருத்தனுக்கு உள்ள திட்டை இன்னொருத்தனுக்குக் கொடுப்பது பாவம். திட்டு என்றால் விலாசம் சரியாக இருக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

டிக்கெட் எல்லாம் தீர்ந்ததாம். சட்டையிலேயே 'குடத்தைக் குடுறா' என்று அச்சடித்து விற்கிறார்களாம்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். தொண்டை கட்டிவிட்டது. கை நன்றாக இருக்கிறது.

வேறு எங்கும் இடம் கொடுக்கவில்லை என்று கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். வாசலில் 'நல்வரவு' வளைவு. பழக்கதோஷத்தில் மண்டபத்து ஆள் எல்லோருக்கும் பன்னீர் தெளித்தான். முள்ளம்பன்றி முடி வைத்த பையன் ஒருவன் சந்தனம் எடுத்துக்கொண்டு கல்கண்டைத் தேடினான். மேடையில் மாப்பிள்ளை நாற்காலி ஒன்றை எனக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் ஜெகதா. பட்டுப்புடவை. காதில் பஞ்சு. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் மேலே சர விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. பிள்ளைகள் குதித்த குதியில் நாற்காலிகள் தாமாக நகர்ந்தன. அந்த வயதில் அவர்கள் பாடிய அதே பாட்டு, ஆள் எடுக்கவில்லை, மண்ணெண்ணெய் இல்லை. இந்தப் பிள்ளைகள் மண்ணெண்ணெயைப் பார்த்திருப்பார்களா? ஆனாலும் இல்லை இல்லை என்று அவர்களும் கத்துகிறார்கள். இவர்கள் வீட்டில் எது இல்லையோ.

என் முறை. மைக்கைப் பிடித்தேன். தேசிங்கு வியர்வையோடு என்னைப் பார்த்தான். மூச்சு வாங்கினான். அறுபதைத் தாண்டிய உடம்பு.

"தண்ணி குடிப்பா முதல்ல" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள், ஆனாலும் சிரித்தார்கள். ஓவியா முகத்தை மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

டெரன்ஸ் சட்டென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நவநீதம்க்கா, நானே புளி போட்டு வெளக்கினேன்" என்று கையில் கொடுத்தான். தங்கம் மாதிரி மின்னியது. அடிபட்ட நசுக்கல்கள் அம்மைத் தழும்பு போல. எல்லோரும் கை தட்டினார்கள். தழுவிக்கொண்டேன். பிறகு, பேர் வெட்டியிருக்குமே, தடவிப் பார்ப்போம் என்று கழுத்துக்குக் கீழே திருப்பினேன். எங்கள் பக்கம் பேர் வெட்டாத பாத்திரம் சீரில் சேராது.

புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. கண்ணாடியைச் சரி செய்தேன்.

ஜெகதா.

இன்னொரு தடவை படித்தேன். ஜெ, க, தா. நான் ஐந்தாவது வரை படித்தவள். இவ்வளவு எனக்குத் தெரியும்.

"டெரன்ஸு, இதுல இன்னா எழுதியிருக்குன்னு நீ பாக்கலியா?"

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும்க்கா. படிக்க வராது. உங்க பேர்தானே?"

அவர்கள் எடுத்தது ஜெகதாவின் குடத்தை. அப்படியானால் அன்று சாயங்காலம் ஜெகதா இடுப்பில் தளும்பத் தளும்ப வந்தது?

மேலிருந்து பார்த்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, முழங்கால் வலி எதுவும் இல்லாமல், பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"ஏய் ஜெகதா! நில்லுடீ!"

மைக்கில் கேட்டது எனக்கே தெரியாத குரல். இல்லை, தெரிந்த குரல். சுவர் மேல் ஏறிய குரல்.

"என் குடத்தைக் குடுடீ! வரிசையில வச்ச குடத்தை வாரி இடுப்புல வச்சுக்கினு போயி, பழியை எங்கம்மா மேல போட்டியே, அந்த வாய் வெளங்குமாடீ? எங்குடத்துத் தண்ணியில சோறு பொங்கித் தின்னியே, செரிச்சுதாடீ? இத்தினி வருசமா நான் பொய்க்காரி, நீ பொன்னுக்காரியா?"

தேசிங்குக்கு வேறென்ன வேண்டும்? குச்சியை எடுத்து அடித்தான் பாருங்கள். டெரன்ஸ் கிடாரைக் கொலை செய்தான். கூட்டம் முழுக்க "குடத்தைக் குடுடீ! குடத்தைக் குடுடீ!" என்று குதித்தது. கதவருகே நின்றிருந்த பன்னீர்க்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஜெகதாவுக்கு மறுபடி பன்னீர் தெளித்தான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பெண் அழுவாளா? காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடை ஏறினாள். ஓவியா இன்னொரு மைக்கைக் கொடுத்தாள், துரோகி.

"விடியகால இருட்டுல மாத்தி எடுத்துட்டேன் அண்ணி! அன்னிக்கு ராத்திரி கழுவும்போதுதான் பேரைப் பாத்தேன்! அதுக்குள்ள எங்கம்மா உன்னைத் திட்டி முடிச்சிட்டாங்க! முடிச்ச திட்டை நான் எப்டி திரும்ப வாங்கறது?"

"சொல்லியிருக்கலாம்ல!"

"நீ பேசறத நிறுத்திட்டியே! பேசாதவகிட்ட எப்டி சொல்றது!"

"உங்கண்ணன்கிட்ட சொல்றது!"

"அவருக்குக் காது எங்க கேட்டுது! எதைச் சொல்ல வந்தாலும் 'அடுத்த வருஷம் பாக்கலாம்'ம்பாரு!"

இது உண்மை. அவர் அப்படித்தான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் யாருக்கும் தெரியாமல் இருமிக்கொண்டேன்.

பிறகும் வெகுநேரம் திட்டிக்கொண்டோம். சேர்த்து வைத்ததெல்லாம் இருந்தது. கடைசியில் மூச்சு வாங்கி மாப்பிள்ளை நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தோம். மைக்கில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஜெகதா சொன்னாள்:

"அண்ணி சொன்னது நெசம். பசங்கதான் குடத்தை எடுத்தாங்க. அண்ணி எதையும் அம்மா வீட்டுக்கு அனுப்பல."

சத்தத்தில் மண்டபத்து ஜன்னல் ஆடியது. எனக்குக் கண்ணில் பன்னீர் பட்டுவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

ஜெகதா ஆட்டோவில் வந்தாள். பழைய புடவையில் சுற்றி என் குடத்தைக் கொண்டு வந்தாள். 'நவநீதம்' என்று வெட்டியது அப்படியே இருக்கிறது. பரணில் வைத்து வெள்ளிக்கிழமை தோறும் விளக்குவாளாம். ஒரு நசுக்கல் இல்லை.

"பாரு அண்ணி, கண்ணு மாதிரி வச்சிருந்தேன்."

அவளுக்குக் காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். கேட்காமலே குடித்தாள்.

சாயங்காலம் அவர் போட்டோவுக்குப் பூ மாற்றினேன். புதன்கிழமை எப்போதும் மல்லிகைதான். இனி வெள்ளிக்கிழமையும் மல்லிகை.

ஏப்ரல் 5, சனி

தினமும் போன் செய்கிறாள். தினமும் சண்டை. இன்று சொல்கிறாள்: "ஒண்ணு சொல்றேன் அண்ணி, கோவிச்சுக்காத. கேசட்ல உலகமே கேட்டது உன் வாய்தான். ஆனா நங் நங்னு அடிச்சது எங்குடம். எம்பேரையும் போடச் சொல்லு."

என்ன திமிர்! ஆனால் யோசித்தால் வயிறு எரிகிறது. உலகப் புகழ் பெற்றது அவளுடைய குடமா? என் குடம் இத்தனை வருஷம் பரணில் சும்மா தூங்கியிருக்கிறதா? ஒரு நசுக்கல்கூட வாங்காமல்?

டெரன்ஸுக்குப் போன் போட்டேன். புதிதாக ஒரு பாட்டு பதிவு செய்யப் போகிறார்களாம். 'குடத்தைக் குடுடீ' என்று பெயராம்.

"அதுல அடிக்கப் போறது எங்குடம்" என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இட்லி இன்றைக்குப் பரவாயில்லை. எழுதக் கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நாளை ஒலிப்பதிவு. ஜெகதாவும் அவள் குடத்தோடு வருகிறாளாம். என் குடத்தை நானே மடியில் வைத்துக்கொண்டு போவேன். வரிசையில் வைக்கமாட்டேன்.